கேக்கிற வருத்தம்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தவர் பஞ்சலிங்கம். எவ்வளவு நெளிந்த சில்லையும் நேராக்கிவிடுவார். 1988இல், யாருமில்லாத இடத்தில் ஆட்கள் தன்னைப் பற்றிக் கதைப்பது அவருக்குக் கேட்கத் தொடங்கியது. கடைக்குள் நின்று அவர்களோடு சண்டை பிடித்தார். மனைவி மீனாம்பிகை வைத்தியசாலைக்குக் கூட்டிப்போனாள்.

அங்கே கொடுத்த குளிசையால் இரண்டு மாதத்தில் குரல்கள் அடங்கின. அவரைப் பைத்தியம் என்ற சனத்தின் வாய்தான் அடங்கவில்லை.

"விசரன் பூட்டின சில்லு, நடுவழியிலை கழண்டுபோம்."

மீனாம்பிகைக்குப் பொறுக்கவில்லை. "விசர் எண்டு சொல்லாதேங்கோ. டொக்டர் சொன்ன பேர் மனச்சிதைவு" என்றாள் பக்கத்து வீட்டு நல்லம்மாவிடம்.

"ஐயோ, மனம் சிதைஞ்சே போச்சோ?" நல்லம்மா அன்றிலிருந்து வேலிக்கு அந்தப்பக்கமே நின்றாள்.

ஒருநாள் தபால்காரர் பரமலிங்கத்தின் சைக்கிள் கடை வாசலிலேயே காற்றுப் போனது. வேறு வழியில்லை. தெருவில் நின்றபடி, "அண்ணை, இப்ப... சுகமோ?" என்று இழுத்தார்.

பஞ்சலிங்கம் ரியூப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எனக்குக் கேக்கிற வருத்தம் தம்பி, அதுவும் ஒரு நோய்தான். ஆக்கள் இல்லாமலே கதை கேக்கும். குளிசை போட்டால் அடங்கும்."

பரமலிங்கம் யோசித்தார். "அப்ப என்ரை மனுசியின்ரை சலரோகம் மாதிரி."

"ஓம். அவ சீனியை விடவேணும், நான் குளிசையை விடக்கூடாது."

கடிதத்தோடு அந்தக் கதையும் வீடு வீடாகப் போனது. கேட்டவர்களுக்கு அது விளங்கியது. விசரன் என்பதைச் சிலர் கடைசிவரை விடவில்லை. ஆனாலும், போரால் பெற்றோல் கிடைக்காத காலம் வந்தபோது அவருடைய கடை வாசலில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன.

நல்லம்மாவும் கணவரின் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். "தம்பி, இண்டைக்கு ஏதும் கேக்குதே?"

"கேக்குது அக்கா. உங்கடை செயின்தான் கத்துது. எண்ணெய் கண்டு எவ்வளவு காலம்?"

நல்லம்மா சிரித்த சிரிப்பு, கடைக்குப் பின்னால் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்த மீனாம்பிகைக்கும் கேட்டது. அவளும் சிரித்துவிட்டாள்.

1993 மாரியில் குரல்கள் திரும்ப வந்தன. இந்தமுறை பஞ்சலிங்கம் அவற்றோடு சண்டை பிடிக்கவில்லை. "இப்ப திரும்பக் கேக்குது. டொக்டரிட்டைப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டே கடையைப் பூட்டினார். உள்ளே ஐந்து சைக்கிள்கள் அரைகுறையாகக் கிடந்தன. ஒருவரும் அவற்றை வேறு கடைக்குக் கொண்டுபோகவில்லை. தன் சைக்கிளும் அவற்றோடு கிடந்ததால், பரமலிங்கம் நான்கு நாள் நடந்தே கடிதம் கொடுத்தார்.