மாமி சத்தம் குறைக்க மறந்த படம்

கல்லடியில் எங்கள் சிறிய திரைப்பட வட்டம் அடுத்த மாதப் படங்களின் பட்டியலை ஒட்டியிருந்தது. மூன்றாவது பெயரைக் கண்டதும் நின்றுவிட்டேன்.

போர்க்காலத்தில் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் பார்த்த படம் அது. சூட்டுச் சத்தம் தெருவுக்குக் கேட்டால் ரோந்து போகும் ஆமி வீட்டுக்குள் வரும். அதனால் முன்பே படத்தைப் பார்த்திருந்த மாமி, ரீவிக்குப் பக்கத்தில் இருந்து, வெடி வருமுன் சத்தத்தைக் குறைப்பார். அன்று ஞாயிறு பின்னேரம் என்று என் நாட்குறிப்பில் இருக்கிறது.

"இப்ப பாருங்க, இவன் நல்லா ஏமாறப்போறான்!" என்று கதை சொன்ன மாமி சத்தத்தைக் குறைக்க மறந்தார். படத்தில் வெடி அதிர்ந்தது.

"ஐயோ மாமி, குறையுங்க!"

சிப்பாய் ஒருவன் உள்ளே வந்தான். பதினேழு வயது அண்ணனை உற்றுப் பார்த்தான். அந்த வயதுப் பையன்களை ஆமி பிடித்துக்கொண்டு போன காலம் அது. பிறகு தோளில் தொங்கிய துவக்கை மடியில் வைத்து, படம் முடியும்வரை இருந்துவிட்டுப் போனான். நாங்கள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் படம் வருகிறது என்று இன்று அண்ணனுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"நானும் வாறன். அது எப்படி முடிஞ்சதெண்டு எனக்கு இன்னும் தெரியா."