செருப்புப் போட்டுக் குளிக்கச் சொன்ன வீடு

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிய கைகள் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டன. கூடத்து மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. அப்போதும் எலக்ட்ரீஷியன் குளியலறை ஒயரைத் தொடவில்லை. சோதனை பல்பின் இரண்டு ஒயர் முனைகளை வெந்நீர் ஹீட்டரின் பெட்டிக்குள் வைத்தார். பல்பு எரிந்தது.

"ஃபியூஸைத்தான் பிடுங்கிட்டீங்களே அண்ணே?" என்றாள் வீட்டுக்காரி.

"அது என் பையில இருக்கு. இது எங்கேருந்து வருதுன்னுதான் தெரியல."

அவர் நெற்றி வியர்த்திருந்தது. மற்ற எலக்ட்ரீஷியன்கள் அவருக்கு வைத்த பெயர் பயந்தாங்கொள்ளி. அவருடைய அண்ணனுக்கும் இதே தொழில்தான். 'மெயினை அணைச்சாச்சு' என்று யாரோ கீழேயிருந்து சொன்னதை நம்பி அண்ணன் ஒருநாள் ஒயரைப் பிடித்தார். அன்று மடங்கிய வலது கை பிறகு நிமிரவே இல்லை. அதற்குப் பின் தம்பி யார் வார்த்தையையும் நம்பி ஒயரைத் தொட்டதில்லை.

பத்து நாளாகக் குழாயைத் தொட்டால் அவளுக்குச் சுரீர் என்றது. "உனக்குப் பயம்தான் ஷாக் அடிக்குது" என்றான் கணவன். முதலில் வந்த எலக்ட்ரீஷியன் பிரமை என்றார். அடுத்தவர் செருப்புப் போட்டுக்கொண்டு குளிக்கச் சொன்னார்.

"மூணு மாசக் கைக்குழந்தைக்கு எந்தக் கடையில அண்ணே செருப்பு வாங்குறது?"

அவர் சிரிக்கவில்லை. மின்சாரம் மேலேயிருந்து வரலாம் என்று, மாடி வீட்டில் சொல்லிவிட்டு அங்கிருந்த ஃபியூஸையும் பிடுங்கினார்.

"பல்பு அணைஞ்சிருச்சு" என்று கீழேயிருந்து அவள் குரல் கொடுத்தாள்.

இறங்கி வந்து பல்பைத் தானே பார்த்த பிறகுதான் சுவரைக் கொத்தினார். புது லைன் இழுக்கச் சோம்பல்பட்ட எவரோ, மாடிக்குப் போகும் ஒயரிலிருந்தே ஹீட்டருக்கு இணைப்புக் கொடுத்திருந்தார். கசியும் மின்சாரத்தை மண்ணுக்குக் கடத்தவேண்டிய எர்த் ஒயரை எதிலும் சேர்க்காமல் சுருட்டிச் சுவருக்குள் திணித்திருந்தார். தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டர் காயிலிலிருந்தும் மின்சாரம் கசிந்திருந்தது.

"நான் தினமும் இதுலதான் பிள்ளையக் குளிப்பாட்டினேன்" என்றாள்.

"இனிமே அதை நினைக்காதீங்கம்மா."

காயிலை மாற்றி, புது லைன் இழுத்து, எர்த் கொடுத்து முடிக்க மாலையாகிவிட்டது. ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். பிறகு இரண்டு ஃபியூஸையும் மாட்டி ஹீட்டரைப் போட்டார். முதலில் குழாயில் பல்பு வைத்துப் பார்த்தார். அப்புறம் ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, கண்ணை மூடிக் குழாயைப் பிடித்தார். உதடு எதையோ முணுமுணுத்தது.

கையை எடுத்து, விலகி நின்றார். "நீங்க பிடிங்க."

"பயமா இருக்கு அண்ணே."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. பிடிங்க."

பாதிவழியில் நின்ற அவள் கை மெல்லப் போய்க் குழாயைத் திறந்தது. வாளி நிறையும்வரை அவள் அந்தக் கையை எடுக்கவில்லை.