ஆளில்லாத அறை

இன்று காலை, பிரெஞ்சுப் புறநகரான ஸ்தேனில் எங்கள் கட்டடத்தின் வாசலில் ஒருவன் அறிவித்தல் ஒட்டிக்கொண்டிருந்தான். ஈரப் பசையின் புளித்த வாசனை மூக்கில் ஏறியதும் மறுபடி ஏழு வயதுப் பிள்ளையாகிவிட்டேன். வாசிக்காமலே படியேறினேன்.

எண்பதுகளில், ஊர்ச் சண்டைக்குத் தப்பி வந்த புதிதில், நகரத்துக்குள் லா சப்பலில், ஆறாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். ஒருநாள் படிக்கட்டெல்லாம் இதே பசை வாசனை. சுவரில் ஒட்டியிருந்த பிரெஞ்சு அறிவித்தலைப் பக்கத்து அறைப் பாண்டிச்சேரி அன்ரி வாசித்துச் சொன்னார்:

"அரசாங்கம் இந்தக் கட்டடத்த எடுத்து இடிச்சிட்டு, இல்லாதவங்களுக்குக் கொறஞ்ச வாடகையில அஷெலெம் வீடு கட்டப் போவுதாம். செவ்வாக்கிழமை ஆள் கணக்கெடுக்க வருவாங்க. இருக்கறவங்களுக்கு வேற எடம் தருவாங்க."

அப்பா தலையாட்டினார். கதவைச் சாத்திய பிறகு அம்மாவிடம் சொன்னார்: "லிஸ்ற்றோடை வாறவங்கள் வீடு தர வாறேல்லை."

ஊரில் அப்படிப் பட்டியலோடு வந்தவர்கள்தான் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை சப்பாத்துச் சத்தம் ஒவ்வொரு மாடியாக ஏறி வந்தது. அப்பா அடுப்பை அணைத்தார். அம்மாவின் வெங்காயக் கை என் வாயைப் பொத்தியது. மூன்று தரம் தட்டினார்கள். பிறகு காகிதத்தில் பேனை உரசும் சத்தம் கேட்டது.

"தப்பிச்சம்," என்றார் அப்பா.

குளிர் தொடங்குமுன் அன்ரிக்குப் புறநகர் லெ பிளாங்-மெனிலில் வீட்டுச் சாவி கிடைத்தது. அப்பா போய்க் கேட்டபோது பட்டியலைக் காட்டினார்கள். எங்கள் அறைக்கு நேரே 'ஆளில்லை' என்றிருந்தது. நாங்கள் மூட்டைகளோடு படியில் நிற்க, எங்கள் கதவைச் செங்கல் வைத்துக் கட்டி அடைத்தார்கள்.

இப்போது யாரோ கதவைத் தட்டுகிறார்கள். பதில் சொல்ல மகள் வாயைத் திறக்கிறாள். என் கை அதற்குள் அதைப் பொத்திவிட்டது.