பக்கத்து பிளாக்கில் சமைத்தது

எங்கள் டெல்லி துவாரகா வீட்டுச் சமையலறை ஆணியில் ஒரு பழைய சிம்ட்டா தொங்குகிறது. சப்பாத்தி திருப்புகிற இரும்பு இடுக்கி, வாய் கொஞ்சம் கோணல். மருமகள் அதைப் பழைய இரும்புக்குப் போடப் பார்த்தாள், நான் விடவில்லை. ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது.

கல்யாணமாகி டெல்லி வந்த மறுநாள். சர்க்கார் குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே மஞ்சள் சுவர், ஒரே பச்சைக் கதவு. காய் வாங்கிவந்தவள் பிளாக் மாறி, அதே நம்பர் போட்ட வேறு வீட்டுக்குள் போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. நண்பர் வீட்டிலிருந்து அடுப்பும் பாத்திரமும் கொண்டுவந்து வைப்பதாக என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். வைத்துவிட்டார் போல என்று நினைத்துக் கத்தரிக்காயை அரிந்து வதக்கிவிட்டேன். மாடியில் காயப்போட்ட துணியை அள்ளிக்கொண்டு ஒரு பஞ்சாபி அம்மாள் வந்து நின்றாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுச் சுவரோரம் ஒண்டினேன். அவள் கத்தவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, டப்பாவிலிருந்த ஒரு சப்பாத்தியை எடுத்து, அதில் கத்தரிக்காய்க் கறியை அள்ளித் தின்று ‘அச்சா’ என்றாள். யாரென்றே தெரியாத என் கையால் சமைத்ததைத் தின்றாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டைத் தேடிக் கொண்டுவந்து விட்டாள். உள்ளே சட்டிப்பானை எதுவும் இல்லாததைப் பார்த்து, போய் இந்தச் சிம்ட்டாவை எடுத்துவந்து என்னிடம் கொடுத்தாள்.

பல வருஷம் கழித்து வேலை தேடி வந்து எங்களோடு தங்கிய கொழுந்தனாருக்குச் சோறு போடும்போது இதைச் சொன்னேன். அவர் பெரிய ஆபீசர் ஆனார். தமிழ்ச் சங்க மலரில் ‘நான் டெல்லி வந்த புதிதில்’ என்று எழுதினார். வீடு மாறிப் போய் அவரே சமைத்தாராம். பஞ்சாபிக்காரி திருடன் என்று கூப்பாடு போட்டாளாம். வெந்நீர் வைக்கத் தெரியாத மனுஷன். மேடைக்கு மேடை சொல்லிக் கைதட்டல் வாங்கினார். ‘தம்பிதானே, விடு’ என்றார் என் வீட்டுக்காரர். விட்டேன்.

இந்த வருஷம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ஐ.டி.யில் வேலை பார்க்கும் ஒரு பெண் அதே கதையைத் தன் அப்பாவுக்கு நடந்ததாக வாசித்தாளாம். கொழுந்தனார் போய்க் கேட்டதற்கு, ‘போன்ல ஏஐதான் எழுதிக் குடுத்துச்சு அங்கிள், யாரோடதுன்னு எனக்கெப்படித் தெரியும்?’ என்றாளாம். மறுநாள் அவர் மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“பச்சைத் திருட்டு அண்ணி. அந்த மெஷினுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? அது என் கதைன்னு நீங்க சங்கக் கமிட்டியில ஒரு வார்த்தை சொல்லணும். அந்தக் காலத்து ஆள் நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க.”

அந்த மெஷின் எந்த வீட்டுக்குள்ளும் தெரியாமல் போய்ச் சுவரோரம் ஒண்டியதில்லை, எவள் கையாலும் தின்றதில்லை. நடந்த மாதிரியே பேசுகிறது. அதன்மேல் எனக்கு மரியாதை இல்லை. ஆனால் அந்த வித்தையை அது இவரைப் போன்றவர்களிடம்தானே படித்திருக்கும்?

“வரேன் தம்பி,” என்றேன். “அன்னிக்கு அந்த அடுப்பை யார் பத்த வச்சதுன்னு சொல்லிடறேன்.”

தலை நிமிராமல் நான் கொடுத்த காபியை ஆற்றினார். “அதெல்லாம் எதுக்கு அண்ணி, பழசு,” என்று எழுந்து போனார். காபி அப்படியே இருந்தது. கமிட்டியும் என்னைக் கூப்பிடவில்லை.

அவர் கதையில் சிம்ட்டா இல்லை. போன் சொன்ன கதையிலும் இல்லையாம். அவரிடம் அதை நான் சொன்னதே இல்லை. இங்கே எழுதிவிட்டேன், இனி யாராவது எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொள்ளட்டும். இரும்பு என் ஆணியில்தான் தொங்குகிறது.