வீரம்மாக்காவின் மோட்டர்

வீரம்மாக்கா எதையும் வெட்டமாட்டார். கயிறு நீளமென்றால் மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுவார். தறப்பாள் அகலமென்றால் மடித்துச் செருகுவார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். "பிறகு தேவைப்படும்" என்பார். சண்டைக்காலத்தில் எத்தனையோ இடம் ஓடி ஊருக்கு, அக்கராயனுக்கு, திரும்பியவர். தேயிலைத் தோட்டத்தை விட்டு வந்த தாய்தகப்பன் காடு வெட்டி எடுத்த ஒரு ஏக்கர் நிலமும், அதில் நிற்கும் மிளகாயும்தான் அவருடைய சீவியம்.

கிணறு வீட்டிலிருந்து தூரம். வீட்டு மீற்றரிலிருந்து மெல்லிய வயர் ஒன்று மோட்டர்வரை போகிறது. மிச்ச நீளத்தையும் வெட்டாததால், கிணற்றடி வேம்பில் தொங்கும் பெரிய வளையத்தைச் சுற்றித்தான் கரண்ட் மோட்டருக்குப் போகும். மிளகாய் பூத்திருந்த நேரம் பார்த்து மோட்டர் சுற்றாமல் முக்கத் தொடங்கியது. தண்ணீர் தப்பினால் பூக் கொட்டிவிடும்.

நான் விறாந்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்குத் தடை, வலு இழப்புக் கணக்குகள் செய்துகாட்டிக்கொண்டிருந்தேன். வீரம்மாக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டார்.

"பிள்ளை, நீ கம்பசில கரண்டுதானே படிச்சனி?"

"பௌதிகவியல், அக்கா."

"ஏதோ ஒண்டு. என்ர மோட்டர் ஏன் முக்குது? ரெண்டுதரம் கொயில் கட்டியாச்சு. இனியும் எரிஞ்சா வாளியாலதான் ஊத்தோணும்."

போய்ப் பார்த்தேன். வயர் நீள நீளத் தடை கூடும். மோட்டர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டம் பல மடங்கு. பாதி மின்னழுத்தம் வழியிலேயே போய்விடுகிறது, வயர்தான் சூடாகிறது. கொப்பியில் நூறு தரம் செய்த கணக்கு.

"இந்த வளையத்தை வெட்டுங்கோ, அக்கா."

"வயரை வெட்டவோ? உனக்கென்ன விசரே?"

"சும்மா தொங்கினாலும் அது கரண்ட் தின்னும்."

"சும்மா இருக்கிறது எப்பிடியடி தின்னும்? உன்ர கொப்பரும்தான் நாள் முழுக்கக் கதிரையில சும்மா இருக்கிறார்."

"அப்பாவும் தின்னுறார்தானே?"

சிரித்தார், ஆனால் வெட்ட விடவில்லை. பூக்கள் வாடத் தொடங்கிய பிறகே சம்மதித்தார். நான் வெட்டும்போது மற்றப்பக்கம் திரும்பி நின்றார்.

காலையில் மோட்டர் சுற்றியது. பின்னேரம் பழையபடி முக்கியது. மீற்றரடியில் அளந்து பார்த்தேன். அங்கேயே அழுத்தம் குறைவு. கணக்கை நான் பரீட்சைத் தாளில் வருவதுபோல இருநூற்று முப்பது வோல்ட்டில் தொடங்கியிருந்தேன். இந்த லைனில் கடைசி வீடு இது. பின்னேரம் எல்லாத் தோட்டத்திலும் மோட்டர் ஓடும். தெருவில் போவதும் ஒரு வயர்தானே? அழுத்தம் அதிலேயே தேய்ந்துவிடுகிறது.

நான் வெட்டிய வளையத்தை வீரம்மாக்கா கொண்டுவந்து என் முன்னால் போட்டார். "இதை ஒட்டித் தா."

வீடு வீடாகப் போய், முறை வைத்து இறைக்கலாமென்று சொன்னேன். "எனக்கு வருது. நான் ஏன் நிப்பாட்டோணும்?" என்றார் லைன் தொடக்கத்தில் இருக்கும் யோகலிங்கம் அண்ணை. பக்கத்துத் தோட்டத்தில் கச்சான் கடலை போட்டிருந்த கமலாசனியக்கா மட்டும் இணங்கினார். அவருடைய மோட்டர்தான் அந்தப் பக்கத்தில் பெரியது.

"இண்டைக்கு நான் நிப்பாட்டுறன். நாளைக்கு நீ நிப்பாட்டோணும், வீரம்மா."

"அம்மாளாச்சி அறிய நிப்பாட்டுவன்."

அன்று பின்னேரம் வீரம்மாக்காவின் கடைசி வரிசைக்கும் தண்ணீர் போனது.

மறுநாள் அவர் கமலாசனியக்காவுக்கு முந்திப்போய் மோட்டரைப் போட்டுவிட்டார். கமலாசனியக்காவின் மோட்டர் முக்கியது. வேலியடிக்கு வந்து கூப்பிட்டார். "இன்னும் ரெண்டு வரிசைதான்" என்றார் வீரம்மாக்கா. அடுத்தநாள் "நாளைக்கு". நான் போய்ச் சொன்னபோது, "ஓடுற மோட்டரை ஆரும் நிப்பாட்டுவினமே?" என்று என்னைத்தான் கேட்டார்.

இப்போது மிளகாய் காய்த்துவிட்டது. கச்சான் இலை சுருண்டுகொண்டு வருகிறது. நேற்றுக் கமலாசனியக்கா என்னை வழியில் மறித்தார்.

"நீ சொல்லித்தானே நிப்பாட்டினனான், பிள்ளை. என்ர பின்னேரம் எங்கை?"

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்று பின்னேரமும் வீரம்மாக்காவின் மோட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.