பட்டியலில் எனக்கு அடுத்த பெயர்

2013-ல் எனக்கு அறுபத்தேழு வயது. தண்டலத்துக்கு அருகே ஒரு மருத்துவமனையில் வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இறந்தவர்கள் தானமாகத் தரும் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து இரண்டு வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பெண். வயது முப்பத்து நான்கு. வல்லம் வடகால்காரி. ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவள். இரண்டு பெண் குழந்தைகள். எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்த வகை. என்னைவிட நான்கு மாதம் பிந்திப் பதிந்திருந்தாள். இதையெல்லாம் முதல் வாரத்திலேயே விசாரித்து வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலை ஆறு மணிக்கு அழைப்பு வந்தது. ஒரு சிறுநீரகம் கிடைத்திருக்கிறது, ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள் என்றார்கள். போனால் அவளும் அங்கே உட்கார்ந்திருந்தாள். ஒன்றுக்கு இரண்டு பேரை அழைப்பது வழக்கமாம். முதல் ஆளின் ரத்தம் ஒத்துவராவிட்டால் அடுத்தவருக்குப் போகும். நான் முதல், அவள் இரண்டாவது.

கொடுத்தவர் யாரென்று சொல்லவில்லை. நெடுஞ்சாலை விபத்து என்று மட்டும் காதில் விழுந்தது. அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்காது. அப்படிப்பட்ட ஒன்று இந்தக் கிழவனுக்குள் எத்தனை வருடம் உழைக்கும்? பத்து? அவளுக்கு வைத்தால் இரண்டு பெண்களையும் வளர்த்து ஆளாக்கிவிடுவாள். மருத்துவரிடம் போய், என் முறையை அவளுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன்.

"வேணாம்னு நீங்க சொல்லலாம் சார். யாருக்குன்னு நீங்க சொல்ல முடியாது. அதைப் பட்டியல்தான் சொல்லும்" என்றார்.

"அடுத்த பெயர் அவள்தானே?"

கூட வந்திருந்த என் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏங்க, காத்திருந்தது நீங்க மட்டும்தானா? உங்களோட சேர்ந்து உப்பில்லாம நானும்தானே தின்னேன்?"

அந்தப் பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. எழுந்தே வந்துவிட்டாள்.

"இன்னா சார், எனக்குப் பிச்சை போடறீங்களா? லைன்ல முன்னாடி நிக்கிறவரு வயசானவருன்னு தள்ளிட்டுப் போவாங்களா? நாளைக்கு என்னைவிட சின்னப் பொண்ணு வந்தா, என்னையும் நகருன்னு சொல்லுவீங்க. அப்புறம் லிஸ்ட்டு இன்னாத்துக்கு கீது?"

நான் மருத்துவரைப் பார்த்தேன்.

"அம்மா, சாரை இட்டுக்கினு போய் உக்கார வைங்க" என்றாள் மனைவியிடம். போய் உட்கார்ந்தேன். வேண்டாம் என்ற சொல்லையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

ஐந்து மணி நேரம் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. என் ரத்தம் அந்தச் சிறுநீரகத்தை ஏற்கவில்லை. அவளுடையது ஏற்றது.

காலையில் கொடுக்கத் துடித்தவன்தான். ஆனாலும் கையை விட்டுப் போனபோது சுருக்கென்றது. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அவளைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும்போது என் பக்கம் திரும்பி, "சார், கோவமா?" என்றாள்.

"இல்லம்மா. பசி."

அறுவைச் சிகிச்சை அறைக் கதவு வரைக்கும் சிரித்துக்கொண்டே போனாள். நான் நான்கு இட்லி சாப்பிட்டேன். எனக்கானது பதினான்கு மாதம் கழித்து வந்தது.

டயாலிசிஸ்காரர்கள் பலருக்குச் சிறுநீர் வற்றிவிடும். அவளுக்கு மூன்று வருடமாகச் சொட்டுக்கூட இல்லை. அறுவைச் சிகிச்சை முடிந்த நான்காம் நாள் நான் இயந்திரத்தில் படுத்திருக்கும்போது போன் அடித்தது.

"சார், ஒண்ணுக்கு வந்துகினே கீது! நேத்து மட்டும் ரெண்டு லிட்டரு முந்நூறு!"

அதை உரக்கச் சொன்னேன். பதினோரு இயந்திரங்களில் படுத்திருந்த பதினோரு பேரில் கை அசைக்க முடிந்தவர்கள் எல்லோரும் கட்டிலைத் தட்டினார்கள். நர்ஸும் தட்டினாள்.

அதற்குப் பிறகு தினமும் அளவைச் சொன்னாள், நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். ஒன்பதாம் நாள் போன் வரவில்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. நானே கூப்பிட்டேன்.

"இன்னிக்கு வரலையா?"

"அய்ய, வந்துது சார். உங்ககிட்ட சொல்ல மறந்துட்டேன். இதுக்குக்கூடவா அட்டெண்டன்ஸு?"

அன்றைக்கு இரண்டு லிட்டர் எழுநூறு. எல்லோருக்கும் சொன்னேன்.