ஏழாம் கட்டத்தில் ஆறு விழுக்காடு

மாக்கிறேட் அக்காவின் வேலை என்னவென்று அவருடைய கணவர் எறிக் அங்கிளுக்கே சரியாகத் தெரியாது. யாராவது கேட்டால் "காஸ் கொம்பனியில கணக்கு" என்பார், அவ்வளவுதான். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த எனக்கும் முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியவில்லை. எங்கள் அலுவலகம் மெல்பர்ன் நகரத்தில், பதினான்காவது மாடியில். வாயுக் கிணறுகளோ வடக்கே, நாலு மணி நேரம் விமானத்தில் பறந்து, பிறகு ஒரு பகல் முழுக்க வண்டியில் போனால்தான் வரும். அக்கா ஒரு நாளும் அங்கே போனதில்லை. ஆனால் மாதாமாதம் அங்கே பூமியிலிருந்து எவ்வளவு வாயு வந்தது, எவ்வளவு விற்றது, எவ்வளவு சும்மா எரிந்து போனது என்று அரசாங்கத்துக்கு எழுதி, "இது உண்மை" என்று கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான்.

நான் ஷாமினி. மலேசியாவில் கிள்ளானில் பிறந்து, இங்கே படிக்க வந்து, புறநகரான வெரிபீயில் வீடு வாங்கித் தினமும் ரயிலில் இடிபடுகிறவள். எனக்குப் பொறுமை குறைவு. அக்காவுக்கு அது மூட்டை மூட்டையாக இருந்தது. இலங்கையில், மன்னாரில் பேசாலைக்காரர். இந்த ஊருக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. வந்த புதிதில் டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலையில் கோவா, அதாவது முட்டைக்கோஸ், வெட்டிப் பெட்டியில் அடுக்கியிருக்கிறார். நாற்பது வயதுக்கு மேல் மாலை வகுப்புக்குப் போய்க் கணக்கியல் படித்தார். மூன்று மாதத் தற்காலிக வேலை என்று இங்கே வந்தவர், அப்படியே தங்கிவிட்டார்.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் "இது எங்கயிருந்து வருது?" என்று கேட்பார். சிட்னிக்குப் போன நான் ஹரிஸ் பார்க் இந்தியக் கடையிலிருந்து லட்டு வாங்கி வந்தால், வாயில் போடுவதற்கு முன்னால் பெட்டியைத் திருப்பி முகவரியைப் படிப்பார். நான் ஒரு தொகையை எழுதிக் கொடுத்தால் போச்சு. யார் சொன்னது, எந்த மீட்டர், எந்த நாள், எத்தனை மணி. சில நாள் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

"இவ்வளவு துருவுறீங்களே, இதெல்லாம் யாருக்குக்கா?" என்று ஒரு நாள் கடுப்பில் கேட்டேன்.

"காணிக்காரருக்குத்தான் பிள்ளை. தென்னங்காணியைக் குத்தகைக்கு விட்டா, காணிக்காரருக்குப் பங்கு குடுக்கிறேல்லையே? அப்பிடித்தான். அரசாங்கத்தின்ர காணியெண்டா அரசாங்கத்துக்குப் பங்கு. எங்கட கிணறுகள் நிக்கிறது பூர்வகுடி ஆக்களின்ர காணியில. அவையோட ஒப்பந்தம் இருக்கு, அவைக்கும் பங்கு போகும். நான் எழுதுறதை வைச்சுத்தான் அந்தப் பங்கைப் போடுவினம்."

அக்கா மாதாமாதம் அனுப்புகிற படிவத்தில் ஏழாம் கட்டம் ஒன்று இருக்கிறது. வாயுவைக் குழாய்க்குள் தள்ள ஒரு பெரிய இயந்திரம், கம்ப்ரசர் என்பார்கள், அங்கே ஓடுகிறது. அது ஓடுவதும் அதே கிணற்று வாயுவில்தான். இயந்திரம் குடித்த வாயுவை யாரும் விற்கவில்லை, ஆகவே அதற்குப் பங்கில்லை. அது எவ்வளவு என்று ஏழாம் கட்டத்தில் எழுதிக் கழிக்க வேண்டும். ஏழாம் கட்டம் பெருத்தால் காணிக்காரரின் பங்கு மெலியும்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அந்த நிலத்துக்காரரின் சபையோடு எங்களுக்குக் காணொளிக் கூட்டம் நடக்கும். பெரும்பாலும் கொட்டாவி விடுகிற கூட்டம். போன ஏப்ரலில் நடந்தது அப்படி இல்லை. லொறெய்ன் என்று ஒரு பெண் சபையில் புதிதாகச் சேர்ந்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அந்த ஊர்க் கடையை நடத்துகிறவள். எங்கள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள், நான் தமிழில் சொல்கிறேன்.

"பிப்ரவரியில் உங்கள் இயந்திரம் ஒன்பது நாள் பழுதாகி நின்றது. எங்கள் வீடுகள்வரை கேட்கிற சத்தம் அது. அந்த ஒன்பது நாளும் நாங்கள் நன்றாகத் தூங்கினோம். இந்தத் தாளைப் பார்த்தால் பிப்ரவரியிலும் அது வழக்கம் போலவே குடித்திருக்கிறதே, எப்படி?"

எங்கள் பக்கம் தலைமை தாங்கியவர் சேஷாத்ரி சார். நிதிப் பிரிவு மேலாளர், சென்னைக்காரர், நல்ல மனிதர்தான். பார்த்துச் சொல்கிறோம் என்று கூட்டத்தை முடித்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்திருந்தது.

அன்றைக்கும் அடுத்த நாளும் அவர் பழைய கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே இருந்தார். மூன்றாம் நாள் மதியம் சாப்பாட்டு அறையில் இடியப்பப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, தொடாமல் சொன்னார்.

"ஷாமினி, அது என்ர பிழை."

விஷயம் இதுதான். ஆறு வருடத்துக்கும் சற்று முன்னால், இயந்திரம் குடிக்கிற வாயுவை அளக்கும் மீட்டர் கெட்டுப்போயிருக்கிறது. புது மீட்டர் வர மூன்று மாதம். அதுவரைக்கும் மொத்த வாயுவில் ஆறு விழுக்காடு என்று உத்தேசமாகப் போடச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அப்படியே சூத்திரம் போட்டு, அந்தக் கட்டத்துக்கு மஞ்சள் நிறம் பூசி வைத்தார். மஞ்சள் என்றால் எங்கள் தொழிலில் உத்தேசம், மெய்யான எண் வந்ததும் மாற்று என்று அர்த்தம். எழுதாத சட்டம் அது. இடையில் ஒரு தணிக்கைக்காரர் வருகிறார் என்று, கோப்பில் இருக்கிற கலர் எல்லாவற்றையும் எடுத்துச் சுத்தமாக்கும்படி மேலிடம் சொல்லியிருக்கிறது. அக்கா மொத்தமாகத் தெரிவுசெய்து ஒரே தட்டலில் எல்லா நிறத்தையும் எடுத்துவிட்டார். மஞ்சளும் போனது. அதற்குப் பிறகு, எல்லோரும் செய்கிற மாதிரி, போன மாதக் கோப்பையே எடுத்துப் பெயரை மாற்றி இந்த மாதத்துக்கு ஓட்டினார். மொத்தம் ஏறினால் ஏழாம் கட்டமும் ஏறும், இறங்கினால் இறங்கும். பிப்ரவரியில் இயந்திரம் நின்ற நாட்களிலும் கிணற்றின் சொந்த அழுத்தத்தில் வாயு வந்துகொண்டுதான் இருந்தது, ஆகவே கட்டமும் இறங்கவில்லை. பார்த்தால் உயிருள்ள எண் மாதிரியே இருக்கும். புது மீட்டர் வந்து, தினமும் அளந்து, அந்த அளவுகள் வேறொரு கோப்பில் யாரும் கேட்காமல் கிடந்தன.

"மெய்யா அது குடிச்சது சராசரியா நாலு விழுக்காடு. நான் ஆறு விழுக்காடு கழிச்சுக்கொண்டிருந்தனான்" என்றார். "உலகத்தில இருக்கிற எல்லாத்தையும் எங்கயிருந்து வருது எண்டு கேட்டனான். இதை மட்டும் கேக்கேல்லை. வெக்கமா இருக்கு பிள்ளை."

நான் இடியப்பப் பெட்டியை மூடி வைத்தேன்.

சேஷாத்ரி சாரிடம் அவரே போய்ச் சொன்னார். துணைக்கு நானும் போனேன். சார் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"மார்கரெட், அவங்க கேட்டது பிப்ரவரி ஒன்பது நாளைப் பத்தி. அந்த ஒரு மாச ரிட்டர்னை மட்டும் திருத்தி அனுப்பிடுவோம். இந்த மாசத்துலேர்ந்து மீட்டர் எண்ணைப் போடுங்க. யாருக்கும் சந்தேகம் வராது."

"அப்ப மிச்சம், சேர்?"

"ஆறு வருஷம்னு ஆரம்பிச்சா எழுபத்திரண்டு ரிட்டர்ன். எழுபத்திரண்டுலயும் கையெழுத்து உங்களோடது. தலைமை ஆபீஸ் ஒரு பேரைக் கேக்கும். என்னால எதுவும் பண்ண முடியாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

மிரட்டினார் என்று சொல்ல மாட்டேன். அவர் குரலில் கவலை இருந்தது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சபைக்குப் பதில் போக வேண்டும். ஒன்பது நாளை மட்டும் ஒத்துக்கொள்கிற கடிதத்தை அவரே எழுதி, அக்காவின் கையெழுத்துக்கு இடம் விட்டு அனுப்பினார்.

இப்போது நான் சொல்வதைக் கேட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை. அந்த வெள்ளிக்கிழமை முழுக்க, கையெழுத்தைப் போடச் சொல்லி அக்காவை நச்சரித்தவள் நான்தான். எறிக் அங்கிளுக்கு முதுகு போய் மூன்று வருடமாக வேலை இல்லை. வீட்டுக் கடன் இன்னும் இருக்கிறது. அக்காவுக்கு ஐம்பத்தொன்பது வயது. இந்த வயதில் வெளியே போனால் யார் வேலை கொடுப்பார்கள்?

"போட்டுத் தொலைங்கக்கா. நீங்க என்ன திருடியா வச்சிருக்கீங்க? ஒரு காசு உங்க பைக்குள்ள வந்துச்சா? கம்பெனிக்குத்தானே போச்சு" என்றேன்.

"எனக்குப் பயமாத்தான் இருக்கு" என்றார். "ராத்திரி எறிக்கிட்டயும் சொன்னனான். அவர் தேத்தண்ணி போட்டுத் தந்தார்."

"அப்புறம் என்னக்கா?"

"அந்தப் பிள்ளை ஒன்பது நாளைத்தான் கேட்டவ. ஏனெண்டா அவவுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சம் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் வாயை மூடினா, அவையளுக்கு அது ஒரு நாளும் தெரியப்போறதில்லை."

எனக்குக் கோபம்தான் வந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

நாலு மணிக்குக் கடிதம் போகவில்லை. அக்கா கேட்டுக்கொண்டபடி திங்கட்கிழமை மறுபடியும் காணொளிக் கூட்டம். சார் ஏதோ முன்னுரை சொல்லத் தொடங்கினார். அக்கா மைக்கைத் திறந்து, தன் பெயரைச் சொல்லி, ஏழாம் கட்டத்தைப் பற்றி எனக்குச் சொன்னதை எல்லாம் அதே வரிசையில் சொன்னார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது.

லொறெய்ன் நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. "ஆறு வருடம்" என்றாள். பிறகு, "பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ் வாங்க இரண்டு தடவை பணம் போதவில்லை. இரண்டு தடவையும் தள்ளிப் போட்டோம்" என்றாள். சபையில் இருந்த இன்னொருவர் குரலை உயர்த்தினார். அவர் கோபப்பட்டதில் ஒரு தப்பும் இல்லை. அக்கா மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு ஓடவில்லை. அவர்கள் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும், தெரிந்ததற்குத் தெரியும் என்றும் தெரியாததற்குத் தெரியாது என்றும், முக்கால் மணி நேரம் பதில் சொன்னார்.

பிறகு ஐந்து வாரம், எழுபத்திரண்டு மாத அறிக்கைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினார். ஒவ்வொன்றிலும் திருத்தத்துக்கான காரணத்தை ஒரு பட்டியலிலிருந்து தெரிவுசெய்ய வேண்டும். அளவீட்டுக் கோளாறு, கணினிக் கோளாறு, தாமதமான தகவல் என்று எத்தனையோ இருந்தன. கணினிக் கோளாறைப் போட்டுவிடும்படி சார்கூடச் சொல்லிப் பார்த்தார். அக்கா, அறிக்கை தயாரித்தவரின் பிழை என்பதைத் தேடிப் பிடித்து எழுபத்திரண்டு தடவை அதையே போட்டார். இன்னொரு விசித்திரம், அந்த ஆறு வருடத்தில் இரண்டு கோடை மாதங்களில் இயந்திரம் ஆறு விழுக்காட்டுக்கு மேலேயே குடித்திருந்தது. அந்த இரண்டு மாதமும் நிலத்துக்காரருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் போயிருந்தது. அதையும் மறைக்காமல் எழுதினார். கடைசியில் கணக்குப் பார்த்தபோது, சபைக்குச் சேர வேண்டியது இரண்டு பஸ்ஸின் விலைக்குக் கிட்டத்தட்ட வந்தது. கம்பெனி கொடுத்தது.

அரசாங்கத் துறையிலிருந்து, தானாக முன்வந்து திருத்தியதைக் குறித்துக்கொண்டோம் என்று இரண்டு வரிக் கடிதம் வந்தது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் கொஞ்சம் நீளம். சார் சொன்ன மாதிரியே அவர்களுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. அக்காவின் பதவி மறுசீரமைக்கப்பட்டதாம். அவர் மேசையை ஒதுக்குவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு குவளை, ஒரு செபமாலை, ஒரு கல்குலேட்டர்.

"கவலையா இருக்காக்கா?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது, எனக்கே என்னை அறையலாம் போல இருந்தது.

"கவலைதான் பிள்ளை. வேலை எனக்கு விருப்பம். இன்னும் அஞ்சாறு வருசம் செய்வன் எண்டுதான் நினைச்சனான்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு மின்தூக்கிக்குள் போய்விட்டார்.

மறுசீரமைத்த வேலையை எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் துணிச்சல் இல்லை, வீட்டுக் கடன் எனக்கும் இருக்கிறது. முதல் மாதக் கடைசி நாள், எல்லாக் கட்டமும் நிரப்பி, "இது உண்மை" என்ற வரிக்குக் கீழே என் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டேன். அனுப்புவதற்கு ஒரு சொடுக்குத்தான் பாக்கி. கை போகவில்லை. பதினோராம் கட்டத்தில் கழிக்கிற தொகை ஒன்று இருந்தது. அது எதற்காக, யார் போட்டது, எப்போதிருந்து இருக்கிறது, எனக்கு எதுவும் தெரியாது. போன மாதமும் இருந்தது, அதனால் இந்த மாதமும் இருந்தது.

வெட்கத்தை விட்டு அக்காவுக்கு போன் போட்டேன். அவர் அன்றைக்கு டண்டினொங்கில் ஏதோ ஒரு கிடங்கில் நேர்முகத்துக்குப் போய்விட்டு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டது. உன் கம்பெனியும் நீயும் என்று அவர் போனை வைத்துவிட்டிருந்தாலும் எனக்கு நியாயமாகத்தான் பட்டிருக்கும்.

"பதினொண்டோ?" என்றார். "அது குழாயில ஒழுகிறதுக்கெண்டு கழிக்கிறது. அரை விழுக்காடு. எனக்கு முதல் இருந்த மனுசன் போட்டது."

"அப்பாடா. அப்ப சரிதானேக்கா? அனுப்பிடவா?"

பஸ் வந்து நின்று கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் ஏறவில்லை போல. கதவு மூடி, பஸ் போய்விட்டது.

"நான் சொன்னன் எண்டு போடாதை, ஷாமினி" என்றார். "அது எங்கயிருந்து வந்தது எண்டு நான் அந்தாளைக் கேக்கேல்லை."